கல்லூரிப் பெண்கள் சாக்கர் அணி: கோச் தேடி வராவிட்டால் வழி உண்டா?

நார்த் கரோலினாவில், ராலே பக்கத்தில் இருக்கும் ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. மகள் 10-ஆம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே சாக்கர். லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரியாக ஆடுகிறாள். ஈசிஎன்எல் என்ற மேல்மட்டக் கிளப் லீகில் ஆடும் அணிக்கு முயன்று இடம் கிடைக்கவில்லை, ஊர் கிளப்பின் இரண்டாவது அணியில் இருக்கிறாள். கல்லூரியிலும் ஆடியே தீருவேன் என்கிறாள். "கோச் யாராவது பார்த்து ரெக்ரூட் செய்தால்தான் உண்டா? நல்ல கல்லூரியில் சேர்ந்த பிறகு ட்ரையவுட்டுக்குப் போய் வாக்-ஆனாக நுழைய முடியாதா? ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? படிப்பு கெட்டுப் போகாதா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் சில ஆண்டுகள் ஒரு சிறிய கல்லூரியின் பெண்கள் அணியில் உதவி கோச்சாக இருந்தேன். வருகிற மெயில்களைப் படித்து, வீடியோ பார்த்து, யாரை நேரில் போய்ப் பார்ப்பது என்று பிரித்து வைப்பது என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில். உங்கள் மகள் கல்லூரியில் ஆட வாய்ப்பு நிறையவே இருக்கிறது. ஆனால் வாக்-ஆன் என்றால் அட்மிஷன் வாங்கிக்கொண்டு ஆகஸ்டில் ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்தில் போய் நிற்பது என்று நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். இன்றைக்கு வாக்-ஆனாக அணிக்குள் வரும் பெண்களில் பெரும்பாலோர் கோச்சுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள். மெயில் எழுதியிருப்பார்கள், கேம்ப்புக்கு வந்திருப்பார்கள், வீடியோ அனுப்பியிருப்பார்கள். ரெக்ரூட்டுக்கும் வாக்-ஆனுக்கும் பணத்தில் வித்தியாசம் உண்டு. கோச்சுக்குத் தெரிந்த முகமாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் வித்தியாசமே இல்லை. அதனால் "ரெக்ரூட்டா, வாக்-ஆனா" என்று இப்போதே முடிவு செய்யத் தேவையில்லை. செய்ய வேண்டிய வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

நீங்கள் இருக்கும் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. சேப்பல் ஹில் பக்கத்திலேயே இருக்கிறது. நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணி கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்சிஏஏ 1982-இல் நடத்திய முதல் சாம்பியன்ஷிப்பையே வென்ற அணி. அமெரிக்க தேசிய அணியின் நட்சத்திரம் மியா ஹாம் ஆடிய அணி. ஆன்சன் டோரன்ஸ் பயிற்சியில் மட்டும் 21 என்சிஏஏ பட்டங்கள். அவர் 2024 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார். அந்த டிசம்பரிலேயே கேரியில் உள்ள வேக்மெட் மைதானத்தில் வேக் ஃபாரஸ்ட்டை 1-0 என்று வென்று 22-ஆவது பட்டத்தையும் எடுத்தார்கள். டியூக்கும் என்சி ஸ்டேட்டும் கூப்பிடு தூரத்தில். இதையெல்லாம் பார்த்து வளரும் பிள்ளைக்குக் கல்லூரி சாக்கர் என்றால் இந்த நான்கைந்து அணிகள்தான் என்று தோன்றிவிடும். அந்த அணிகளில் தேசிய இளையோர் அணிகளுக்கு ஆடிய பெண்களே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் கிளப்பின் இரண்டாவது அணியிலிருந்து அங்கே போவது அரிதிலும் அரிது. இதைச் சொல்லாமல் மறைத்தால் நான் உங்களுக்கு நல்லது செய்தவளாக மாட்டேன்.

ஆனால் என்சிஏஏ-வின் மூன்று டிவிஷன்களையும் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பெண்கள் சாக்கர் அணி இருக்கிறது. 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டத்துக்குப் பிறகு, பெண்களுக்கும் சமமான விளையாட்டு வாய்ப்பு தர வேண்டிய கட்டாயத்தில் கல்லூரிகள் அதிகமாகத் தேர்ந்தெடுத்த ஆட்டங்களில் இது ஒன்று. அதற்கு வெளியே என்ஏஐஏ என்ற வேறொரு அமைப்பில் உள்ள கல்லூரிகள், என்ஜேசிஏஏ அமைப்பில் உள்ள இரண்டாண்டுக் கல்லூரிகள், கலிஃபோர்னியாவில் தனி அமைப்பாக இயங்கும் கம்யூனிட்டி காலேஜ்கள் எல்லாம் இருக்கின்றன. உங்கள் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈலான், டேவிட்சன், யுஎன்சி வில்மிங்டன், யுஎன்சி கிரீன்ஸ்பரோ ஆகியவை டிவிஷன் 1. விங்கேட், கட்டாபா, யுஎன்சி பெம்புரோக் டிவிஷன் 2. ராலே நகருக்குள்ளேயே இருக்கும் மெரிடித் காலேஜ் டிவிஷன் 3. இவற்றுக்கிடையே ஆட்டத்தின் வேகத்திலும், அணியில் இடம் கிடைக்கும் வாய்ப்பிலும் பெரிய வித்தியாசம் உண்டு. டிவிஷன் எண்ணை மட்டும் பார்த்தும் எடை போடக் கூடாது: டிவிஷன் 3-இன் முன்னணி அணிகள் சில டிவிஷன் 1-இன் அடிமட்ட அணிகளோடு சமமாக ஆடக்கூடியவை.

நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, சிகாகோ பல்கலைக்கழகம், கார்னகி மெலன், செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் எல்லாமே சாக்கரில் டிவிஷன் 3. பிள்ளையின் படிப்புக்காக நீங்கள் ஏற்கெனவே மனதில் வைத்திருக்கும் பட்டியலில் இவற்றில் இரண்டு மூன்றாவது இருக்கும். "டிவிஷன் 3 என்றால் மூன்றாம் தரம்" என்று ஒதுக்கிவிட்டு, அதே கல்லூரிக்குப் படிப்புக்காக மட்டும் விண்ணப்பம் போடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஆட்டம் லேசானதும் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2022-இல் தேசியப் பட்டம் வென்ற அணி.

சரி, பணம். சாக்கருக்கு முழு ஸ்காலர்ஷிப் என்பது எப்போதுமே அபூர்வம். 2025 கோடை வரை ஒரு டிவிஷன் 1 பெண்கள் அணி தரக்கூடியது மொத்தம் 14 முழு ஸ்காலர்ஷிப்புக்கு ஈடான தொகை. அதை கோச் முப்பது பேருக்கு எப்படி வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம். ஒருத்திக்கு எண்பது சதவீதம், இன்னொருத்திக்குப் புத்தகச் செலவு, நாலைந்து பேருக்கு ஒன்றுமே இல்லை என்ற கணக்கு. டிவிஷன் 2-இல் 9.9. டிவிஷன் 3-இலும் ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. அங்கே படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவித்தொகைதான். ஐவி லீகில் படிப்புக்கான தொகையும் கிடையாது, வருமானம் ஒன்றுதான் கணக்கு.

2025 ஜூன் மாதம், கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ-மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. ஜூலை 1 முதல், அந்த ஏற்பாட்டில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய்விட்டது. அதற்குப் பதில் அணியின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. பெண்கள் சாக்கருக்கு 28. கேட்பதற்கு நல்ல செய்தி போலத் தெரியும், 28 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம் அல்லவா? தரலாம், ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும்தான் போகிறது. நம் விஷயத்தில் நடந்தது வேறு. முன்பு பெரிய அணிகளில் முப்பதுக்கு மேல் ஆட்கள் இருப்பார்கள். பட்டியலின் கடைசியில் இருந்த அந்த நாலைந்து இடங்கள்தான் வாக்-ஆன்களுக்கானவை. அவைதான் முதலில் போயின. இலையுதிர்கால அணிகள் முதல் போட்டி நாளுக்குள் வரம்புக்குள் வந்தாக வேண்டும் என்பதால், ஆகஸ்டு முகாமில் இருந்துவிட்டு இரண்டு வாரத்தில் வெளியே அனுப்பப்படுவதும் நடக்கக்கூடியதாகிவிட்டது. இந்த ஏற்பாட்டில் சேராத கல்லூரிகளுக்கு 28 என்ற வரம்பு இல்லை. ஆகவே டிவிஷன் 1 கோச்சிடம் பேசும்போது, கல்லூரி இதில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

டிவிஷன் 3-இல் நிலைமை நேர் எதிர். சிறிய தனியார் கல்லூரிகளுக்கு மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. சாக்கர் ஆட வரும் ஒவ்வொரு பெண்ணும் கட்டணம் கட்டும் மாணவி. அதனால் அணியைப் பெரிதாக வைத்திருக்கச் சொல்லி நிர்வாகமே கோச்சைத் தூண்டும் இடங்கள் உண்டு. இடம் எளிதாகக் கிடைக்கும். அப்புறம்தான் தெரியும், அணியில் 38 பேர், பேருந்தில் ஏறுவது 24 பேர், ஆடுவது 18 பேர் என்று. "இடம் உண்டா" என்பதோடு "வெளியூர் ஆட்டங்களுக்கு எத்தனை பேரைக் கூட்டிப் போவீர்கள்" என்றும் கேட்க வேண்டும்.

வாக்-ஆன் என்ற ஒரே சொல்லில் இரண்டு விதமான பேர் அடங்குகிறார்கள். ஒன்று, கோச்சே "பணம் இல்லை, ஆனால் உனக்கு இடம் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி வரவழைப்பது; இதைப் ப்ரிஃபர்டு வாக்-ஆன் என்பார்கள். இவர்கள் மற்றவர்களோடு ஆகஸ்டு தொடக்கத்திலேயே முகாமுக்கு வருகிறார்கள். மற்றது, வகுப்பு தொடங்கிய பிறகு நடக்கும் திறந்த ட்ரையவுட். ஆகஸ்டு கடைசியில் வகுப்பு தொடங்கும்போது அணி மூன்று வாரம் சேர்ந்து பயிற்சி செய்து, சில போட்டிகளையும் ஆடி முடித்திருக்கும். அந்த நேரத்தில் நடக்கும் ட்ரையவுட்டில் வழக்கமாக ஓர் ஓட்டப் பரிசோதனை, பிறகு ஐந்துக்கு ஐந்து சின்ன ஆட்டங்கள், மொத்தம் இரண்டு மணி நேரம். ஒருத்தியை எடுக்கலாம், யாரையும் எடுக்காமலும் போகலாம். பல கல்லூரிகள் இதை நடத்துவதே இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு வாசல் ஜனவரி. நவம்பரில் சீசன் முடிந்ததும் கடைசி ஆண்டு மாணவிகள் விலகிவிடுவார்கள், சிலர் வேறு கல்லூரிக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிடுவார்கள், ஒன்றிரண்டு பேர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து உட்கார்ந்திருப்பார்கள். வசந்தப் பருவத்தில் பயிற்சி நடத்தப் பதினொன்றுக்குப் பதினொன்று ஆள் சேராமல் கோச் தவிக்கும் காலம் அது. அப்போது வந்து நிற்கும் ஒரு நல்ல ஓட்டக்காரிக்கு ஆகஸ்டைவிட அதிக வரவேற்பு உண்டு. கோல்கீப்பர் என்றால் சொல்லவே வேண்டாம். பயிற்சிக்கு மூன்றாவது கீப்பர் இல்லாமல் திண்டாடும் அணிகள் ஏராளம். உங்கள் மகள் லெஃப்ட் பேக். இடது காலால் இயல்பாக உதைப்பவளாக இருந்தால் மெயிலின் முதல் வரியிலேயே அதைச் சொல்லட்டும். இடதுகால் டிஃபென்டர்கள் குறைவு, கோச்சுகள் அதைத் தேடுகிறார்கள்.

இனி மெயில். இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். அவளே எழுத வேண்டும். அப்பா எழுதிய மெயில் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். "என் மகள் மிகவும் உழைப்பாளி" என்று தொடங்கும் மெயிலை நான் ஓரமாக வைத்துவிடுவேன். தலைப்பில் பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், கிளப், ஜிபிஏ நான்கும் இருந்தால் போதும். கோச் பாதி முடிவை அங்கேயே எடுத்துவிடுவார். உள்ளே எட்டு, பத்து வரி. எந்த வகுப்பு, எந்தக் காலில் உதைப்பாள், அடுத்த ஆறு வாரத்தில் எந்த டோர்னமென்ட்டில் எந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு ஆடுகிறாள், சீருடை எண் என்ன, வீடியோ எங்கே, கிளப் கோச்சின் தொலைபேசி எண். அப்புறம் அந்தக் கல்லூரியைப் பற்றி உண்மையான ஒரு வரி. "சனிக்கிழமை உங்கள் ஆட்டத்தைப் பார்த்தேன், இரண்டாம் பாதியில் இரண்டு பேக்குகளும் ஏறி ஆடினார்கள், எனக்கும் அப்படி ஆடத்தான் பிடிக்கும்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அன்றைக்கு வந்த மற்ற மெயில்கள் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அவள் வீடியோவைத்தான் முதலில் திறந்தேன். அறுபது கல்லூரிகளுக்கு ஒரே மெயிலைப் பெயர் மாற்றி அனுப்புவதும் உடனே தெரியும். சில சமயம் போன கல்லூரியின் பெயரே உள்ளே அப்படியே இருக்கும்.

வீடியோ மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். பாட்டு வேண்டாம், மெதுவாக ஓடும் காட்சிகள் வேண்டாம். ஒவ்வொரு காட்சியிலும் ஆட்டம் தொடங்குமுன் அவள்மேல் ஒரு வட்டமோ அம்போ வைத்துக் காட்டுங்கள். சிறந்தது முதலில் வர வேண்டும். முப்பது நொடியில் நிறுத்திவிடும் கோச்சுகளே அதிகம். டிஃபென்டர் என்றால் கோல் அடித்த காட்சியைவிட, பந்து போன பிறகு திரும்பி ஓடி வந்து எப்படி நிற்கிறாள், எதிராளி ஒற்றையாக வரும்போது உடம்பை எப்படித் திருப்புகிறாள், அழுத்தத்தில் முதல் பாஸ் எங்கே போகிறது என்பதைத்தான் பார்ப்போம். கூடவே ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பும் கொடுங்கள். பிடித்துப்போனால் கோச் அதைத்தான் பார்ப்பார், தவறு செய்த பிறகு அடுத்த ஐந்து நிமிடம் எப்படி ஆடுகிறாள் என்று.

தேதி விதி ஒன்று முக்கியம். டிவிஷன் 1, 2 கோச்சுகள் 10-ஆம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன்னால் தனிப்பட்ட பதில் எழுதக் கூடாது. அதனால் இப்போது எழுதும் மெயிலுக்குப் பதில் வராவிட்டால் மனம் உடைய வேண்டாம். படிப்பார்கள், பெயரைக் குறித்து வைப்பார்கள். டிவிஷன் 1-இல் கல்லூரிக்கே போய் கோச்சைச் சந்திப்பது 11-ஆம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்டு 1-இலிருந்துதான். டிவிஷன் 3 கோச்சுகளுக்கு மெயிலில் இந்தத் தடை இல்லை, இப்போதே பதில் எழுதலாம். கல்லூரியின் விளையாட்டு இணையதளத்தில் ரெக்ரூட் படிவம் ஒன்று இருக்கும், அதையும் நிரப்பி வைக்கட்டும்.

கேம்ப் அழைப்புகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "உன் திறமையைப் பார்க்க ஆவலாக இருக்கிறோம், எங்கள் ஐடி கேம்ப்புக்கு (திறமையை அடையாளம் காணும் முகாம்) வா" என்று மெயில் வந்தால் வீடே கொண்டாடும். படிவம் நிரப்பிய எல்லோருக்கும் அது போகும். கேம்ப் கட்டணத்திலிருந்து உதவி கோச்சுகளுக்கு வருமானம் வருகிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஆனால் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையான ஆர்வம் என்றால் கோச் அவள் ஆடிய ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார், தொலைபேசியில் கூப்பிடுவார், மார்க் ஷீட் கேட்பார். அவள் நிஜமாகவே சேர விரும்பும் இரண்டு மூன்று கல்லூரிகளின் கேம்ப்புக்கு மட்டும் போகட்டும். போவதற்கு முன்னால் கோச்சுக்கு மெயில் எழுதிவிட்டுப் போகட்டும். ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு "கல்லூரிகளிடம் அறிமுகம் செய்கிறோம்" என்று சொல்லும் நிறுவனங்கள் தேவையில்லை. அவர்கள் அனுப்பும் மொத்த மெயிலைவிட அவள் கையால் எழுதும் பத்து வரிக்கு மதிப்பு அதிகம்.

எந்தக் கல்லூரிகளுக்கு எழுதுவது என்று தெரிய, அணியின் ரோஸ்டரை, அதாவது ஆட்டக்காரிகளின் பட்டியலை, படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாக் கல்லூரியும் இணையத்தில் போட்டிருக்கும். உங்கள் மகள் முதலாண்டு சேரும்போது எத்தனை டிஃபென்டர்கள் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள் என்று எண்ணுங்கள். இப்போதைய முதலாண்டு மாணவிகள் எந்தக் கிளப்பிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் ஈசிஎன்எல், கேர்ள்ஸ் அகாடமி போன்ற மேல்மட்ட லீகுகளிலிருந்து என்றால் அந்த அணியின் வலை எங்கே வீசப்படுகிறது என்று புரிந்துவிடும். வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்கள் நிறைய இருந்தால், அந்த கோச் பள்ளி மாணவிகளுக்குப் பதில் இருபது வயது ஆட்டக்காரிகளை வாங்குகிறார் என்று அர்த்தம். போன வருடம் முதலாண்டில் பதின்மூன்று பேர், இந்த வருடம் இரண்டாமாண்டில் ஆறு பேர் என்றால், அந்த ஏழு பேர் ஏன் போனார்கள் என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிவிஷன் 3-இன் நல்ல கல்லூரிகளில் ப்ரீ-ரீட் என்ற வழக்கம் உண்டு. 11-ஆம் வகுப்பு முடிந்த கோடையில், கோச் தனக்குப் பிடித்த சிலரின் மார்க் ஷீட்டை அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பி, இவள் தேறுவாளா என்று முன்கூட்டியே கேட்பார். சாதகமான பதில் வந்தால், பெரும்பாலும் எர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கச் சொல்வார். பணம் இல்லாத ஒரு ரெக்ரூட்டுக்கு இங்கே கிடைப்பது இதுதான்: கடினமான அட்மிஷனில் ஒரு குரல் அவள் பக்கம் பேசும். பிள்ளைகளின் ஜிபிஏ நன்றாக இருக்கும் நம் குடும்பங்களுக்கு, ஒரு டிவிஷன் 1 அணியில் கிடைக்கும் பத்து சதவீத ஸ்காலர்ஷிப்பைவிட இது பல மடங்கு பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எர்லி டிசிஷன் என்பது கட்டுப்பாடு, இடம் கிடைத்தால் அங்கேயே சேர்ந்தாக வேண்டும். கல்லூரியின் நெட் ப்ரைஸ் கால்குலேட்டரில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பார்த்து, அந்தத் தொகை கட்ட முடியும் என்று தெரிந்த பிறகே போட வேண்டும்.

படிப்பு கெடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். விதிப்படி சீசனில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வைக்கக் கூடாது, ஒரு நாள் ஓய்வு தர வேண்டும். பயணமும் பிசியோவும் அந்தக் கணக்கில் வராது. டிவிஷன் 1-இல் வியாழன், ஞாயிறு என்று ஆட்டம் இருந்தால் புதன் மதியமே பேருந்தில் இருப்பாள். ப்ரீ-மெட், இன்ஜினியரிங் எடுப்பவர்களுக்கு உண்மையான உரசல் லேப் வகுப்புதான். கெமிஸ்ட்ரி லேப் மதியம் ஒன்றிலிருந்து நான்கு, பயிற்சி நாலு மணிக்கு என்று இருந்தால் சமாளிக்கலாம். இரண்டும் மோதினால் கோச் என்ன சொல்வார் என்பதை முன்பே கேட்க வேண்டும். அதை கோச்சிடம் கேட்பதைவிட அணியில் இருக்கும் பயாலஜி மாணவி ஒருத்தியிடம் கேளுங்கள். சாக்கர் ஆடும் பெண்கள் பொதுவாக நன்றாகவே படிக்கிறார்கள், நேரத்தைக் கணக்காகப் பிரிக்கப் பழகிவிடுவதால். ஆனால் முதலாண்டு இலையுதிர்காலத்தில் மிகக் கடினமான பாடங்களை ஒன்றாக அடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

உடம்பு. ஆகஸ்டு முகாமில் முதல் நாளே ஓட்டப் பரிசோதனை இருக்கும். சில இடங்களில் பீப் டெஸ்ட் அல்லது யோ-யோ. சில இடங்களில் மைதானத்தின் நீளத்தைப் பதினெட்டு நொடிக்குள் ஓடி, முப்பது நொடியில் திரும்பி வந்து, முப்பது நொடி நின்று, மறுபடி ஓடுவது, இப்படிப் பத்து முறை. நார்த் கரோலினாவின் ஆகஸ்டு வெயிலில் ஆறாவது ஓட்டத்தில்தான் யார் கோடை முழுவதும் ஓடினார்கள் என்று தெரியும். வாக்-ஆனாக வருபவளுக்கு இதில் தோற்க உரிமை இல்லை. ரெக்ரூட் தவறினால் மறு வாய்ப்பு கொடுப்பார்கள், இவளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அதேசமயம் முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் நடக்கிறது. அது குணமாக ஒன்பது மாதம், ஒரு வருடம் போய்விடும். ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப் இலவசமாகக் கிடைக்கிறது, காயங்களைக் குறைப்பது ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. கிளப்பில் செய்யாவிட்டாலும் அவளே வீட்டு வாசலில் செய்யலாம். இதை இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள்.

காகிதங்கள் தயாராக இல்லாததால் ட்ரையவுட் நாளில் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். டிவிஷன் 1, 2 இரண்டுக்கும் என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டரில் பதிவு வேண்டும். வாக்-ஆனுக்கும் இது உண்டு. பள்ளியில் 16 கோர் (அடிப்படைப்) பாடங்கள், டிவிஷன் 1-க்கு அவற்றில் பத்து 12-ஆம் வகுப்பு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும், குறைந்தது 2.3 ஜிபிஏ. எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண் நிபந்தனை 2023-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் கல்லூரி தன் அட்மிஷனுக்கு அதைக் கேட்கலாம். 9-ஆம் வகுப்பை இந்தியாவில் படித்துவிட்டு வந்த பிள்ளை என்றால் அந்தப் பள்ளியின் மதிப்பெண் சான்றும் தேவைப்படும். அதை வாங்க மாதக்கணக்கில் ஆகும், ஊரில் இருக்கும் யாரையாவது இப்போதே அனுப்புங்கள். கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த மருத்துவப் பரிசோதனையும், சிக்கிள் செல் ட்ரெய்ட் (ரத்தச் சிவப்பணுவில் வரும் ஒரு பரம்பரைக் கூறு) சோதனையின் முடிவும் இல்லாமல் மைதானத்தில் கால் வைக்க விடமாட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த உடனே இந்தச் சோதனை நடந்திருக்கும், குழந்தை மருத்துவரிடம் கேட்டால் கிடைக்கும். இந்தியாவில் பிறந்தவள் என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோச் "உனக்கு இடம் உண்டு" என்று சொன்னால் மூன்று விஷயங்களை மெயிலில் எழுத்தாக வாங்குங்கள். அது ரோஸ்டரில் இடமா, ட்ரையவுட்டில் இடமா? ஸ்காலர்ஷிப் என்றால் எத்தனை ஆண்டுக்கு, காயம்பட்டால் தொடருமா? ரோஸ்டர் வரம்பால் வெட்ட வேண்டி வந்தால் எப்போது சொல்வீர்கள்? வாய்வார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது, அவர்களையும் சரி, உங்களையும் சரி. நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய ஒப்பந்தம் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டது, இப்போது கல்லூரியோடு போடும் உதவித்தொகை ஒப்பந்தம்தான் ஆவணம். அதோடு, கோச்சுகள் வேலை மாறுவார்கள். அவரை நம்பி மட்டும் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அடுத்த ஆண்டு புதிய கோச் முன்னால் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். கால் உடைந்து நாலு வருடமும் ஆட முடியாமல் போனாலும் அங்கேயே படிக்க விரும்புவாளா என்று அவளிடம் கேளுங்கள். இல்லை என்று சொல்லும் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்படியும் எங்கும் இடம் அமையவில்லை என்றால், பெரிய பல்கலைக்கழகங்களில் கிளப் சாக்கர் இருக்கிறது. வாரம் இரண்டு மூன்று நாள் பயிற்சி, பக்கத்துப் பல்கலைக்கழகங்களோடு போட்டி, தேசிய அளவில் ஒரு சாம்பியன்ஷிப் கூட உண்டு. டிவிஷன் 3-இல் ஆடியிருக்கக்கூடிய பெண்கள் படிப்புக்காக அங்கே போய் ஆடுகிறார்கள், ஆட்டம் நன்றாகவே இருக்கும். இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடி, பிறகு நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுவதும் மதிப்பான வழிதான்.

உங்கள் மகளுக்கு இப்போது செய்ய வேண்டியது இது. இந்த வாரம் இருபது கல்லூரிகளின் பட்டியல்: டிவிஷன் 1-இல் மூன்று நான்கு, டிவிஷன் 2-இல் ஐந்து, மிச்சம் டிவிஷன் 3. படிப்பைப் பார்த்துப் போடுங்கள், ரோஸ்டரைப் பார்த்து வெட்டுங்கள். இந்த சீசனின் ஆட்டங்களை முழுதாகப் படம் எடுங்கள். டிவிஷன் 3 கோச்சுகளுக்கு இப்போதே எழுதட்டும், மற்றவர்களுக்கு ஜூன் முதல் வாரம் இன்னொரு முறை எழுதட்டும். ஜூன் 15 காலையில் கோச்சுகள் பெரிய பெயர்களைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கான அழைப்பு பெரும்பாலும் செப்டம்பருக்குப் பிறகு, சிலருக்கு 12-ஆம் வகுப்பில்கூட வரும். இடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய வீடியோ, புதிய மார்க், புதிய ஆட்ட அட்டவணையோடு அதே கோச்சுகளுக்கு எழுதிக்கொண்டே இருக்கட்டும்.